கோவையில் திணறல், குன்னூரில் சரி: ஆர்எக்ஸ் 100 ஜெட்டிங் குழப்பம்

கோவை ரெண்டு ஸ்ட்ரோக் | சனி, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. போன ஆடி மாதம் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்று வாங்கினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் (கார்ப்) மிகுனி விஎம்20, வண்டியோடு வந்ததுதான் என்று சொன்னார்கள். சைலன்சரும் பழையதுதான். ஏர் ஃபில்டரை நானே கழுவிப் போட்டேன்.

பிரச்சினை இதுதான். காலையில் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிடும். சூடாகிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சூடான பிறகு 40, 45 வேகத்தில் மெதுவாக ரேஸ் கொடுத்தால் ஒரு நொடி மூச்சடைத்த மாதிரி நின்று, அப்புறம் தூக்குகிறது. முழு ரேஸ் கொடுத்தால் வேறு மாதிரி: "பர்ர்ர்" என்று அடைத்த சத்தத்தோடு ஓடுகிறது, வேகம் ஏறுவதே இல்லை. லிட்டருக்கு 32 தாண்டவில்லை.

மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டிவிட்டேன். மூன்று பேரும் கார்பைக் கழற்றிக் கழுவிப் போட்டார்கள். ஒருவர் கார்புக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டையும் மாற்றினார். இரண்டு நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், பிறகு பழைய கதைதான். எந்த ஜெட் வாங்கிப் போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகப்புயல் | சனி, இரவு 10:05

நண்பா, ரேஸ் கொடுக்கும்போது நின்று தூக்கினால் அது லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை. மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் பெரிதாக்குங்கள். எனக்கும் இதே பிரச்சினை இருந்தது, ஒரே நாளில் சரியாகிவிட்டது.

ஈரோட்டு ஸ்பேனர் | சனி, இரவு 10:50

தம்பி, ஜெட் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த மூச்சடைப்பு வரும்போது ஆக்சிலேட்டர் எந்த இடத்தில் இருக்கிறது? வண்டி எத்தனை வேகத்தில் போகிறது என்று நான் கேட்கவில்லை. கைப்பிடி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கேட்கிறேன்.

முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தேன். டூ வீலர் கார்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கார்புக்கு வேகமும் தெரியாது, கியரும் தெரியாது. ஆக்சிலேட்டர் கேபிள் தூக்குகிற ஸ்லைடு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரியும். இரண்டாம் கியரில் 30 போகும்போதும், நான்காம் கியரில் 60 போகும்போதும் ஸ்லைடு ஒரே உயரத்தில் இருந்தால் பெட்ரோல் தருவது ஒரே பாகம்தான்.

கைப்பிடியில் ஒரு மாஸ்கிங் டேப், அதற்கு எதிரே ஸ்விட்ச் பெட்டியில் ஒரு டேப் ஒட்டுங்கள். மூடியிருக்கும் இடம், கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி, முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். கேபிளில் ஆட்டம் அதிகம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்துவிட்டுக் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் கோடு பொய் சொல்லும்.

எந்தக் கோட்டில் எந்தப் பாகம் பெட்ரோலை அளக்கிறது என்று சொல்கிறேன். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரைக்கும் ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால்வாசி வரைக்கும் ஸ்லைடின் அடியில் உள்ள சரிவு வெட்டுக்கு வேலை அதிகம். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலும் அது இறங்கி நிற்கும் நீடில் ஜெட்டும். முக்கால்வாசிக்கு மேல்தான் மெயின் ஜெட் ஆட்சி. ஒன்று முடிந்த இடத்தில் மற்றொன்று தொடங்குகிறது என்று நினைக்காதீர்கள், ஒன்றன் மேல் ஒன்று ஏறித்தான் வரும். ஆனால் எந்தக் கோட்டில் கோளாறு வருகிறதோ அந்தப் பாகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தம்பி வேகப்புயல், உங்களுக்குச் சரியானது சந்தோஷம். ஆனால் இவர் சொல்கிற மூச்சடைப்பு மெயின் ஜெட் வேலை செய்யும் இடத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. முழு ரேஸில் "பர்ர்ர்" என்று அடைப்பது பெட்ரோல் கூடிப்போன, அதாவது ரிச்சான, சத்தம். அதற்கு மேல் பெரிய ஜெட் போட்டால் இன்னும் அடைக்கும்.

கோவை ரெண்டு ஸ்ட்ரோக் | ஞாயிறு, மாலை 6:15

அண்ணா, டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். நான் நினைத்ததே வேறு. மூச்சடைப்பு கால்வாசிக்கும் அரைவாசிக்கும் நடுவில் மட்டும் வருகிறது. இரண்டாம் கியரிலும் வருகிறது, மூன்றாம் கியரிலும் வருகிறது, அதே கோட்டில். "பர்ர்ர்" சத்தம் முக்காலைத் தாண்டினால்தான். கால்வாசிக்குக் கீழே பெரிய குறை இல்லை. ஆனால் ரேஸை விட்டால் ஐடிலிங் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு இறங்குகிறது.

இன்னொரு விஷயமும் சொல்ல மறந்துவிட்டேன். போன மாதம் குன்னூர் போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வரைக்கும் இதே திணறல். அதற்கு மேல் ஏற ஏற அந்த மூச்சடைப்பு குறைந்துகொண்டே வந்து, குன்னூரில் சுத்தமாக இல்லை. முழு ரேஸ் மட்டும் இன்னும் மோசமானது. மலைக் காற்று குளிர்ச்சியாக இருந்ததால் என்று நினைத்தோம்.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 8:30

நீங்கள் மறந்துவிட்டேன் என்று சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான தகவல். மலை உங்களுக்கு இலவசமாக ஒரு சோதனை செய்து கொடுத்திருக்கிறது.

மேலே போனால் காற்று மெலிந்துவிடும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர், குன்னூர் சுமார் 1850 மீட்டர். கோவையில் இருக்கும் காற்றின் அடர்த்தியில் குன்னூரில் ஏறக்குறைய 87 சதவீதம்தான் இருக்கும். அங்குள்ள குளிர்ச்சியையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் கார்பில் பெட்ரோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கார்பின் குறுகிய கழுத்தான வென்ச்சுரியில் உறிஞ்சும் அழுத்தம் அடர்த்தியோடு சேர்ந்து குறைகிறது, பெட்ரோல் ஓட்டமோ அந்த அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். அதனால் கலவை அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ரிச் ஆகிறது. கணக்குப் போட்டால் கோவையில் இருப்பதைவிடக் குன்னூரில் சுமார் 7 சதவீதம் பெட்ரோல் கூடுதல் என்று வரும்.

அதாவது யாரும் கார்பைத் தொடாமலேயே 7 சதவீதம் பெரிய ஜெட் போட்ட மாதிரி. அப்படி ரிச் ஆனதும் நடுவில் இருந்த கோளாறு மறைந்தால், கோவையில் அந்த இடம் லீன். முழு ரேஸில் இருந்த கோளாறு கூடினால், அந்த இடம் ஏற்கெனவே ரிச். ஒரே கார்பில் ஓரிடம் லீன், ஓரிடம் ரிச். ஒரு ஜெட்டை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்யவே முடியாது.

ஈரோட்டு ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 9:10

வாத்தியார் சார் கணக்கில் சொன்னதை நான் அனுபவத்தில் சொல்வேன். சரியாக ட்யூன் செய்த கார்ப் வண்டி மலையேறினால் கொஞ்சம் மந்தமாகத்தான் ஆகும். மலையேறினால் நன்றாக ஓடுகிறது என்று யாராவது வந்தால் எனக்கு உடனே பயம் வரும். கீழே அது லீனாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக் லீனாக ஓடினால் சூடு ஏறும், ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வேகமாகப் போகும்போது பின் சக்கரம் சட்டென்று நின்றுவிடும். கிளட்ச்சில் விரல் இல்லாதவன் விழுவான்.

ரேஸ் தொங்குகிறது என்றீர்களே, அதுவும் லீன் அறிகுறிதான். ஆனால் அதற்குக் காரணம் ஜெட்டாக இல்லாமல் காற்றுக் கசிவாகவும் இருக்கலாம். ஆகவே கார்பைத் திறப்பதற்கு முன் வெளியே பாருங்கள்.

கார்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். மேலே நன்றாக இருக்கும், அடிப்பக்கத்தில் வெடிப்பு இருக்கும். ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றி சோப்புத் தண்ணீரைப் பீச்சுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. சிலர் இதற்குக் கார்ப் கிளீனரையோ பெட்ரோலையோ பீச்சுகிறார்கள். சூடான இன்ஜின் மேல் அதைச் செய்யவே கூடாது.

ரப்பர் நன்றாக இருந்தும் ரேஸ் தொங்கினால் மேக்னெட் பக்க கிராங்க் ஆயில் சீல் மேல் சந்தேகம் வரும். கிளட்ச் பக்க சீல் போனால் கதை வேறு, அது கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாக விடும், ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். உங்களுக்குப் புகை இல்லை என்றால் அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம்.

சோக் சோதனையும் செய்யுங்கள். சூடான வண்டியில் மூச்சடைக்கும் அதே கோட்டில் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். விஎம் கார்பில் சோக் காற்றை மறைக்கும் தகடு கிடையாது, தனி வழியில் கூடுதல் பெட்ரோல் விடும் சிறு பிஸ்டன். இழுத்ததும் வண்டி தெளிந்தால் லீன். மேலும் திணறினால் ரிச்.

தென்காசி 97சிசி | ஞாயிறு, இரவு 9:45

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ஸ்பிளெண்டரில் ரேஸை விட்டால் சைலன்சரில் "பட் பட்" என்று வெடிக்கிறது. லீன் என்று படித்துவிட்டு ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினேன். இன்னும் அதிகமாக வெடிக்கிறது. இங்கே எல்லோரும் உள்ளே திருகினால் ரிச் என்றுதானே சொல்கிறார்கள்?

கோத்தகிரி தேயிலை | ஞாயிறு, இரவு 10:20

தென்காசி தம்பி, நானும் ஸ்பிளெண்டர்தான் ஓட்டுகிறேன். பதினோரு வருடமாக இந்த மலையில். நீங்கள் திருகியது ஏர் ஸ்க்ரூ இல்லை.

ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறையும், ரிச் ஆகும். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது காற்றும் பெட்ரோலும் கலந்து வந்ததை அளக்கிறது. உள்ளே திருகினால் அந்தக் கலவையே குறைந்து லீன் ஆகும். பழைய டூ ஸ்ட்ரோக் மிகுனியில் முதல் வகை, நம் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் இரண்டாவது வகை. நம் ஊரில் இரண்டுக்குமே ஏர் ஸ்க்ரூ என்றுதான் பெயர், அதனால்தான் இந்தக் குழப்பம். எங்கள் ஊர் மெக்கானிக் பையனே ஒரு முறை தலைகீழாகத் திருகிக் கொடுத்தான். ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்த பிறகு கை வையுங்கள்.

அதை வெளியே அரைச்சுற்று எடுத்துப் பாருங்கள். தொடுவதற்கு முன் முழுக்க உள்ளே மெதுவாகத் திருகி எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இறுக்காதீர்கள், ஊசி முனை நசுங்கிவிடும். வெடிப்பு அப்போதும் போகவில்லை என்றால் சைலன்சர் சேரும் இடத்தில் பேக்கிங் கசிகிறதா என்று பாருங்கள்.

தென்காசி 97சிசி | திங்கள், காலை 8:05

இன்ஜின் பக்கம்தான் அக்கா. முக்கால் சுற்று வெளியே எடுத்தேன், வெடிப்பு நின்றுவிட்டது. மிக்க நன்றி. தொடர்ந்து படிக்கிறேன்.

எண்பதுகளின் பிள்ளை | திங்கள், காலை 10:30

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் செய்கிற வேலை. எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து எந்தப் பழைய வண்டியும் சரியாக ஓடுவதில்லை.

வேதியியல் வாத்தியார் | திங்கள், இரவு 7:50

உங்கள் ஆதங்கம் புரிகிறது. நானும் பழைய வண்டி வைத்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு பாதிக்கும் என்று அளந்து பார்ப்போம்.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இ10 என்றால் சுமார் 14.1, இ20 என்றால் சுமார் 13.5. அதாவது ஜெட் வழியாக அதே அளவு எரிபொருள் போனாலும், இ10-லிருந்து இ20-க்கு வந்தால் கலவை நான்கைந்து சதவீதம் லீன் ஆகும். கலப்பே இல்லாத காலத்தில் ட்யூன் செய்த வண்டிக்கு எட்டு ஒன்பது சதவீதம். இது சின்ன எண் இல்லை. கார்பில் இதை உணர்ந்து திருத்திக்கொள்ள எதுவும் கிடையாது. இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அது ஓரளவு பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இ20 எல்லா ஆக்சிலேட்டர் நிலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் லீன் ஆக்கும். முழு ரேஸை மட்டும் ரிச் ஆக்க அதால் முடியாது. இவர் வண்டியில் இ20 ஒரு பங்கு செய்திருக்கலாம், முழுக் காரணமாக இருக்காது. ஒரு ஏற்கெனவே லீனான இடத்தை அது தாங்க முடியாத அளவுக்குத் தள்ளியிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலப்பில்லாத பெட்ரோலுக்குக் கோவையில் ட்யூன் செய்த வண்டியில் இ20 ஊற்றிக்கொண்டு குன்னூர் போனால், மலை ஆக்கும் ரிச்சும் எத்தனால் ஆக்கும் லீனும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

கோத்தகிரி தேயிலை | திங்கள், இரவு 8:40

வாத்தியார் சார், நீங்கள் கடைசியில் சொன்னது எனக்குப் பெரிய விடை. கீழே மேட்டுப்பாளையம் போனால் மட்டும் என் வண்டி இப்போதெல்லாம் சூடாகிறது, மேலே ஒன்றும் தெரிவதில்லை. இவ்வளவு நாளாக வெயிலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோவை ரெண்டு ஸ்ட்ரோக் | புதன், இரவு 9:55

சோக் சோதனையில் வண்டி தெளிந்தது. நடுப்பகுதி லீன் என்பது உறுதி. சோப்புத் தண்ணீர் பீச்சியபோது ரப்பரின் கீழ்ப்பக்கம் பட்டதும் ஐடிலிங் இறங்கியது. கழற்றி வளைத்துப் பார்த்தால் பாதி வட்டத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் புதுசு போல இருந்தது.

கார்பையும் திறந்தேன். மெயின் ஜெட்டில் எண்ணே இல்லை. துளையின் ஓரம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கீறியிருக்கிறது. நீடிலின் உயரத்தைப் பிடித்து நிறுத்தும் லாக் மேலிருந்து முதல் வெட்டில் இருந்தது. மொத்தம் ஐந்து வெட்டு. பைலட் ஜெட் சுத்தமாக, எண்ணோடு இருக்கிறது. ஏர் ஸ்க்ரூ இரண்டரைச் சுற்று வெளியே.

ஈரோட்டு ஸ்பேனர் | புதன், இரவு 10:40

இப்போது முழுக் கதையும் தெரிகிறது தம்பி.

லாக்கை மேல் வெட்டில் மாட்டினால் நீடில் கீழே இறங்கும், நடுவில் பெட்ரோல் குறையும். பெரும்பாலும் நடு வெட்டில் இருக்க வேண்டியது. மைலேஜ் கேட்டு வருகிறவர்களுக்குப் பல பட்டறைகளில் செய்து கொடுப்பது இதுதான். மைலேஜ் வராது. வண்டி இழுக்காததால் ஓட்டுகிறவர் கூடுதலாகத் திருகுவார், அங்கே மெயின் ஜெட் திறந்துகொள்ளும்.

நீடிலை இறக்கியதும் வண்டி இழுக்கவில்லை என்று யாரோ மெயினைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்தக் கீறலைப் பார்த்தால் ஸ்டவ் பின்னால் குத்தியது. ஜெட் பித்தளை, பின் எஃகு. அடைப்பை எடுக்கிறேன் என்று நாலு முறை குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அதில் என்ன எண் அடித்திருந்தாலும் அர்த்தம் இல்லை. நான் தொழில் பழகிய காலத்தில் எங்கள் பட்டறையிலும் பின் வைத்துத்தான் குத்தினோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது, எத்தனை பேருடைய ஜெட்டைக் கெடுத்தோமோ. கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். அதிலும் போகாத அடைப்பு என்றால் புது ஜெட் வாங்குங்கள், விலை அதிகம் இல்லை.

வாங்கும்போது உங்கள் வண்டிக்கான சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணையே கேளுங்கள். மிகுனி வண்டிக்கு மிகுனி ஜெட். கெய்ஹின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டத்தை வைத்து வருவது, மிகுனியில் எண் ஓட்டத்தை வைத்து வருவது. இரண்டிலும் ஒரே எண் அடித்திருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போட முடியாது.

வரிசை இப்படி: முதலில் ரப்பர். காற்றுக் கசிவை வைத்துக்கொண்டு ட்யூன் செய்யவே கூடாது. அடுத்தது கார்பில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரம், மேனுவலில் உள்ள அளவுக்கு. ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டம் தவறாக இருந்தால் எல்லா ஜெட்டும் தவறாக நடக்கும். அப்புறம் மெயின் ஜெட், அப்புறம் நீடில், கடைசியில் ஏர் ஸ்க்ரூ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதற்கு முன் கை வைத்தவர்கள் ஒன்றுக்கு மேல் மாற்றியதால்தான் எது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போனது.

வேகப்புயல் | வியாழன், காலை 7:20

அண்ணா, நான் முதலில் சொன்னது தவறு என்று இப்போது புரிகிறது. என் வண்டியிலும் டேப் ஒட்டிப் பார்த்தேன். முழு ரேஸில் எனக்கும் லேசாக அடைக்கிறது. இரண்டு சைஸ் ஏற்றியது அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். ப்ளக் பார்த்துச் சரிபார்ப்பது எப்படி?

ஈரோட்டு ஸ்பேனர் | வியாழன், இரவு 9:00

ஐடிலிங்கில் வீடு வந்து சேர்ந்து ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது ஐடிலிங்கைத்தான் காட்டும். மெயின் ஜெட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் புது ப்ளக் போட்டு, வண்டியைச் சூடாக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில் மூன்றாம் கியரில் முழு ரேஸ் கொடுத்துக் கொஞ்ச தூரம் போக வேண்டும். ரேஸைக் குறைக்காமலேயே கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, உருண்டு போய் நிறுத்துங்கள். அங்கேயே ப்ளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கான் உள்ளே ஆழத்தில், இரும்போடு சேரும் இடத்தில் ஒரு வளையம் தெரியும். அது வெளிர் காபி நிறம் என்றால் நல்லது. கருப்பு மசி என்றால் ரிச். வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்ன மின்னும் புள்ளிகளோடு இருந்தால் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள், பிஸ்டன் அலுமினியம் உருக ஆரம்பித்துவிட்டது.

ப்ளக் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்று காட்டும் சூட்டு எண் சரியாக இருந்தால்தான் இது உண்மையைச் சொல்லும். என்ஜிகே ப்ளக்கில் எண் பெரிதாக ஆகக் குளிர்ந்த ப்ளக், பாஷ் ப்ளக்கில் எண் பெரிதாக ஆகச் சூடான ப்ளக். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு ஜெட்டைக் குறை சொன்னவர்கள் நிறைய.

ப்ளக் கழற்ற இடமில்லை என்றால், முழு ரேஸில் போகும்போது லேசாக ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். ஒரு கணம் வண்டி முன்னே தாவினால் மெயின் லீன். ஆனால் முழு ரேஸ் லீன் என்று சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையை நீளமாகச் செய்யாதீர்கள்.

கோவை ரெண்டு ஸ்ட்ரோக் | ஞாயிறு, இரவு 8:10

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ரப்பர் புதிது. அது மாறியதுமே ஐடிலிங் தொங்குவது நின்றுவிட்டது, இரண்டரைச் சுற்றில் இருந்த ஏர் ஸ்க்ரூ தாறுமாறாகிவிட்டது. அண்ணா சொன்னபடி அதைத் தொடாமல் விட்டுவிட்டேன். ஃப்ளோட் மேனுவல் அளவுக்குச் சரியாகவே இருந்தது.

பழைய மெயின் ஜெட்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. 50 மில்லி சிரிஞ்சின் முனையில் சின்ன ரப்பர் குழாய் வைத்து ஜெட்டை மாட்டி, தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்தேன். புதியதில் 72 நொடி, பழையதில் 58 நொடி. மூன்று முறை செய்தேன், ஒன்றிரண்டு நொடிதான் மாறியது.

வேதியியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 8:35

அருமை! 72-ஐ 58-ஆல் வகுத்தால் 1.24. பழைய ஜெட் 24 சதவீதம் கூடுதலாக விட்டிருக்கிறது. துளையின் விட்டம் சுமார் 11 சதவீதம்தான் பெரிதாகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓட்டம் பரப்பளவைப் பொறுத்தது, அதனால் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏறும். ஸ்டவ் பின் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. என் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டப்போகிறேன்.

கோவை ரெண்டு ஸ்ட்ரோக் | அடுத்த சனி, இரவு 9:30

புதிய மெயின் ஜெட் போட்டதும் முழு ரேஸ் அடைப்பு போய்விட்டது. ப்ளக் பார்த்தேன், வளையம் வெளிர் காபி நிறம். அடுத்த நாள் நீடில் லாக்கை மூன்றாம் வெட்டுக்கு மாற்றினேன். மூச்சடைப்பு முக்கால்வாசி குறைந்தது, ஆனால் சூடான பிறகு அதே கோட்டில் லேசாக ஒரு தயக்கம். இ20 கணக்கை நினைத்து நான்காம் வெட்டுக்கு இறக்கினேன். இப்போது அந்த இடத்தில் எண்ணெய் போட்ட மாதிரி ஏறுகிறது. கடைசியாக ஏர் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங் அதிகமாக இருக்கும் இடத்தில் நிறுத்தினேன், ஒன்றரைச் சுற்றுக்கு வந்தது. ஒரு டேங்க் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், லிட்டருக்கு 38 தந்தது.

இன்று காலை குன்னூர் போய் வந்தேன். இந்த முறை மேலே நடுப்பகுதி கொஞ்சம் மந்தம். பர்லியாருக்கு மேல் லேசாகத் தெரிய ஆரம்பித்தது. அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே நடக்கிறது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கோத்தகிரி தேயிலை | அடுத்த சனி, இரவு 10:00

வாழ்த்துகள் தம்பி. இறங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட இறக்கத்தில் ரேஸை மூடிவிட்டுக் கியரிலேயே இறங்கினால் டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலும் குறைவு, ஆயிலும் குறைவு. என் அப்பா சுசுகி வைத்திருந்தார், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கிளட்ச்சைப் பிடித்து ஒரு தடவை ரேஸ் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

ஈரோட்டு ஸ்பேனர் | அடுத்த சனி, இரவு 10:25

அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், ரேஸ் மூடினால் ஆயிலும் மூடியது மாதிரிதான். ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு லிட்டருக்கு 20, 25 மில்லி கலக்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜெட் வழியாகப் போவதில் இரண்டு மூன்று சதவீதம் இப்போது ஆயில், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவு. ஆயிலைக் கூட்டினால் லீன் ஆகும்.

தம்பி, ஒரு வேலை பாக்கி. சைடு கவரின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறு யாராவது இந்தக் கார்பைத் திறந்தால் அவர்களுக்கும் தெரியட்டும்.

கோவை ரெண்டு ஸ்ட்ரோக் | ஞாயிறு, காலை 7:45

எழுதிவிட்டேன் அண்ணா. "ரப்பர் மார்கழியில் மாற்றியது. மெயின் மேனுவல் எண், புதிது, பின் குத்தக்கூடாது. பைலட் பழையதே. நீடில் மேலிருந்து நான்கு. ஏர் ஸ்க்ரூ ஒன்றரை, ஃபில்டர் பக்கம். கோவை, இ20." கைப்பிடியில் ஒட்டிய டேப்பை இன்னும் எடுக்கவில்லை.